இலங்கையின் ஓரிடவாழ்விப் பறவைகள்: வழிகாட்டியுடன் போய்ப் பார்க்க ஒரு முழுமையான கையேடு

இலங்கைக்குப் பறவை பார்க்கப் போகிறோம் என்று பலரும் போடும் திட்டத்தில் யால தேசியப் பூங்காவுக்கு மூன்று நாள் இருக்கும், சிங்கராஜா மழைக்காட்டுக்கு ஒரு காலைப்பொழுது இருக்கும். அதை அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். இந்தக் கையேட்டில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவிருந்தால் போதும்.

காரணம் எளிது. இலங்கையில் இதுவரை பதிவான பறவை வகைகள் ஏறத்தாழ 500. அவற்றில் சுமார் 34 வகைகள் உலகில் வேறு எங்கும் கிடையாது. (எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும். இதற்காக வழிகாட்டியோடு சண்டை போட வேண்டாம்.) இப்படி ஒரே இடத்துக்கு உரிய உயிர்களை ஓரிடவாழ்விகள் என்கிறோம். அந்த 34-இல் பெரும்பாலானவை தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஈரவலயத்திலும் அதை ஒட்டிய மலைகளிலும்தான் வாழ்கின்றன. மீதி இடம் எல்லாம் உலர்வலயம். அங்கே பறவைகள் ஏராளம், பார்ப்பதும் எளிது. ஆனால் அவற்றில் பெரும்பகுதியைத் தென்னிந்தியாவிலேயே பார்த்துவிடலாம்.

பனியூழிகளில் கடல்மட்டம் தாழ்ந்தபோதெல்லாம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே நிலம் தலைகாட்டியது. உலர்ந்த நிலத்துப் பறவைகள் அதன் வழியே போய்வந்தன. மழைக்காட்டுப் பறவைகளுக்கு அந்த வறண்ட நிலமும் ஒரு கடல்தான். அவை தென்மேற்குக் காட்டிலேயே ஒதுங்கி, தனி வகைகளாகப் பிரிந்துவிட்டன. நீங்கள் தேடிப் போவது அந்த ஒதுங்கியவர்களைத்தான்.

எந்த மாதம் போவது

ஜனவரி முதல் மார்ச் இறுதி வரை. இதுதான் என் முதல் தேர்வு. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை ஈரவலயத்தை நனைக்கும். அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலும் வடக்கிலும் பெய்கிறது. அதே நாட்களில் சிங்கராஜாப் பக்கம் ஓரளவு ஓய்ந்திருக்கும். ஓய்ந்திருக்கும் என்றால் மழையே இருக்காது என்று பொருள் இல்லை. ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீட்டர் பெய்யும் காடு அது. நண்பகலுக்குப் பிறகு ஒரு மழை வரும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

இந்த மாதங்களில் இன்னொரு லாபமும் உண்டு. இமயமலைப் பக்கத்திலிருந்து வலசை வந்த பறவைகள் அப்போது தீவில்தான் இருக்கும். ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான், கறுப்பு வெள்ளைப் பூங்குருவி ஆகிய மூன்றையும் நுவரெலியாவில் ஒரே பூங்காவில் பார்க்க வாய்ப்பு உண்டு. ஏப்ரலில் அவை கிளம்பிவிடும். ஏப்ரல் நடுவில் புத்தாண்டு விடுமுறை வேறு. நுவரெலியாவில் அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பது

பயணத்தின் வெற்றியில் பெரும்பங்கு இதில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

இலங்கையில் வழிகாட்டி என்ற ஒரே பெயருக்குள் பல வகை மனிதர்கள் இருக்கிறார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று பிரித்து உரிமம் தருகிறது. சாரதி வழிகாட்டி வண்டியும் ஓட்டுவார், ஊரும் காட்டுவார். கண்டி தலதா மாளிகையைப் பற்றி அழகாகப் பேசுவார். அவருக்குப் பறவை தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்களுக்கு வேண்டியவர் பறவைகளை மட்டுமே தொழிலாகக் கொண்ட இயற்கை வழிகாட்டி. அவர் உங்களுடன் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை வருவார். இவரைத் தவிர சிங்கராஜா போன்ற காடுகளில் உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது விதி. இந்த இரண்டாவது ஆளைச் சும்மா கூட வருபவர் என்று நினைத்துவிடாதீர்கள். எந்த ஆந்தை எந்தக் கிளையில் பகலில் தூங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

முன்பதிவுக்கு முன் நேரடியாகப் பேசுங்கள். இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலே ஆளைக் காட்டிக்கொடுக்கும்:

- சிங்கராஜாவில் எத்தனை இரவு தங்க வைப்பீர்கள்? ஒன்று என்றால் வேறு ஆளைப் பாருங்கள். இரண்டு சரி. மூன்று என்றால் தொழில் தெரிந்தவர்.
- குழுவில் எத்தனை பேர்? மழைக்காட்டுப் பாதையில் ஆறு பேருக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு முன்னால் இருப்பவர் முதுகுதான் தெரியும்.
- வண்டி ஓட்டுபவரும் வழிகாட்டியும் ஒரே ஆளா? சின்னக் குழுவுக்குப் பரவாயில்லை. ஆனால் விடியலுக்கு முன் எழுந்து நடந்தவர் பிற்பகல் மலைப்பாதையில் ஐந்து மணி நேரம் ஓட்டுவது யாருக்கும் நல்லதல்ல.
- பறவைக் குரலை ஒலிக்க விட்டு வரவழைப்பீர்களா? "எப்போதும்" என்பது தவறான பதில். எந்த வகைக்கு, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவார் என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

"34-ம் உத்தரவாதம்" என்று ஒருவர் சொன்னால் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும். நல்ல வழிகாட்டி எந்தெந்தப் பறவை கஷ்டம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்.

உங்கள் பங்குக்கு நீங்களும் அவரிடம் ஒன்று தர வேண்டும்: ஏற்கெனவே பார்த்தவற்றின் பட்டியல். மேற்குத் தொடர்ச்சி மலையில் தீக்காக்கையும் தவளைவாயனும் பார்த்தவர் என்றால், இலங்கையில் அவற்றுக்காக ஒரு காலைப்பொழுதைச் செலவிட வேண்டியதில்லை. இரண்டும் அந்த மலைக்கும் இலங்கைக்கும் பொதுவானவை. ஐரோப்பியக் குழுக்களுக்குப் போட்ட திட்டத்தையே உங்களுக்கும் நீட்டினால் இதைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.

பத்து நாள் பாதை

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் கொழும்புக்குள் போகாமல் நேரே கித்துல்கல. அங்கே இரண்டு இரவு. அடுத்து சிங்கராஜாவின் குடாவ வாசல் பக்கம் மூன்று இரவு. பிறகு கீழே இறங்கி உடவலவையிலோ திஸ்ஸமகாராமையிலோ இரண்டு இரவு. அங்கிருந்து எல்ல, வெலிமடை வழியாக மலை ஏறி நுவரெலியாவில் இரண்டு இரவு. பத்தாம் நாள் விமான நிலையம்.

இந்த வரிசைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கித்துல்கலவிலும் சிங்கராஜாவிலும் பல வகைகள் பொது. முதல் இடத்தில் தவறியது இரண்டாவது இடத்தில் அகப்படும். நடுவில் வரும் உலர்வலயம் கழுத்துக்கும் காலுக்கும் ஓய்வு. மலையைக் கடைசியில் வைத்தால் அங்கே புதிதாகப் பார்க்க வேண்டிய வகைகள் ஏழெட்டுதான் மீதியிருக்கும், நெருக்கடி இருக்காது.

ஏழு நாள்தான் கிடைக்கும் என்றால் உலர்வலயத்தை வெட்டுங்கள். சிங்கராஜாவை வெட்டாதீர்கள்.

பதினான்கு நாள் இருந்தால்? மன்னார். குளிர்காலத்தில் நீர்ப்பறவைகளும் கரைப்பறவைகளும் குவியும் இடம். வங்காலை சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள இடம். தீவின் ஓரிடவாழ்விகளுக்காக அங்கே போக வேண்டாம். ஆனால் பூநாரைகளையும் நண்டுதின்னி உள்ளானையும் தேடிப் போகலாம். தமிழ் பேசும் ஊர் என்பதால் வழி கேட்பதும் சாப்பாடு கேட்பதும் சுலபம்.

சீட்டு, அனுமதி, பணம்

மின்னணுப் பயண அனுமதியை அரசின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் உண்டு. கட்டணமும் விலக்குகளும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் மாதத்தில் மறுபடி பாருங்கள். சிங்கராஜா வனத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. ஹோர்ட்டன் சமவெளி, யால, பூந்தல, உடவலவை ஆகியவை வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ். அதனால் சீட்டுகள் வேறு வேறு. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. சார்க் நாட்டினருக்குக் குறைந்த கட்டணம் உள்ள பூங்காக்களும் இருக்கின்றன. கடவுச்சீட்டு கையில் இருந்தால்தான் அது கிடைக்கும். பெட்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நுழைவுக் கட்டணம், ஜீப் வாடகை, உள்ளூர் வழிகாட்டிக் கூலி ஆகிய மூன்றும் பயணத் தொகைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

போகும் முன் காதைப் பழக்குங்கள்

மழைக்காட்டில் பறவை முதலில் காதில் விழும், கண்ணில் படுவது அப்புறம்தான், சில சமயம் படவே படாது. முப்பத்துச் சொச்சம் குரல்களையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு பத்து போதும். இலங்கைக் காட்டுக்கோழி, சுண்டங்கோழி, பச்சை அலகுச் செண்பகம், மஞ்சள் நெற்றிக் குக்குறுவான், செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவி, கொண்டைக் கரிச்சான், நீல மக்பை, புள்ளிச் சிறகுப் பூங்குருவி, சீழ்க்கைப் பூங்குருவி, செரண்டிப் சிற்றாந்தை. பறவைக் குரல்களைச் சேர்த்து வைக்கும் ஸெனோ-கான்டோ தளத்தில் இவற்றின் பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் இலங்கைக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள், காட்டுக்குள் சிக்னல் தேட வேண்டாம்.

வழிகாட்டிகள் அவசரத்தில் சிங்களப் பெயரைச் சொல்லிவிடுவார்கள். கெஹிபெல்லா என்றால் நீல மக்பை. வலிகுகுளா காட்டுக்கோழி. ஹபன்குகுளா சுண்டங்கோழி. பட்ட ஏட்டிகுகுளா பச்சை அலகுச் செண்பகம். இந்த நான்கு தெரிந்தால் திரும்ப வேண்டிய திசைக்குச் சட்டென்று திரும்பலாம்.

மூட்டையில் என்ன

இருநோக்கி 8x42. பத்து மடங்கு பெருக்கம் திறந்தவெளிக்கு நல்லது, ஆனால் இருண்ட காட்டில் எட்டுதான் வெளிச்சமும் தரும், விரிந்த பார்வையும் தரும். தொலைநோக்கி ஸ்கோப் பூந்தலயின் உப்பளங்களில் உதவும். அதை வழிகாட்டி கொண்டுவருவாரா என்று கேட்டுவிட்டு உங்களுடையதை வீட்டில் வையுங்கள்.

மழைச்சட்டையைவிடக் குடை மேல். சட்டைக்குள் வெந்து போவீர்கள், தலைப்பாகம் காதை மூடும், துணி உரசும் சத்தம் வேறு. குடையின் கீழ் நின்று இருநோக்கியில் பார்க்கவும் முடியும். கருப்பு அல்லது கரும்பச்சை நிறக் குடையாக இருக்கட்டும். கேமரா வைக்க நீர்புகாப் பை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள், இரவுக்கு ஒரு தலைவிளக்கு. நுவரெலியாவில் விடியலில் நடுங்கும் குளிர் இருக்கும். ஒரு கம்பளிச்சட்டை அவசியம்.

இனி அட்டை. சிங்கராஜாவைப் பற்றி யார் பேசினாலும் அட்டையில்தான் ஆரம்பிப்பார்கள். கடித்தால் வலிக்காது, நோய் பரப்பாது, ஆனால் அதன் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் விட்ட பிறகும் கொஞ்ச நேரம் கசியும். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணியிலான அட்டைக் காலுறை போட்டு, கால்சட்டையை அதற்குள் செருகுங்கள். விடுதிகளில் விற்பார்கள், ஆனால் உங்கள் அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏறிவிட்டால் நகத்தால் பக்கவாட்டில் நெருடித் தள்ளுங்கள். தீயும் உப்பும் வைத்து வதைக்க வேண்டியதில்லை. உண்மையில் அட்டையைவிடப் பெரிய தொல்லை, அட்டையைப் பார்த்துக் குனிந்தே நடந்து தலைக்கு மேல் போகும் பறவையைத் தவறவிடுவது.

கித்துல்கல: தொடக்கம்

களனி கங்கையின் கரை. எதிர்க்கரையில் மக்கந்தாவ காடு. ஆற்றைக் கடந்து காலையில் உள்ளே போக வேண்டும். தாழ்நிலக் காடு என்பதால் வெக்கை அதிகம், பாதை குறுகல். பழுப்புத் தலைத் தவிட்டுக்குருவி, சுண்டங்கோழி, செண்பகம் எல்லாம் இங்கே உண்டு. ஆற்றின் இக்கரையில் ரப்பர் தோட்டங்களுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவே செம்பழுப்பு முதுகுச் சிற்றாந்தை பகலிலேயே கத்தும். இலங்கைத் தொங்குகிளி, லேயார்ட் கிளி, சாம்பல் இருவாச்சி ஆகியவற்றுக்குத் தோட்டங்களே போதும். முதல் நாள் பிற்பகலைத் தோட்டங்களில் சாவகாசமாக நடந்து கழியுங்கள். கண் பழகட்டும்.

சிங்கராஜா: கூட்டத்துக்காகக் காத்திருத்தல்

1972-இல் ஒட்டுப்பலகைக்காக இந்தக் காட்டில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வலுத்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெட்டு நின்றது. 1988-இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது. நீங்கள் குடாவ வாசலிலிருந்து நடக்கப்போகும் அகலமான பாதை அன்று மர லாரிகளுக்காகப் போட்ட சாலைதான். பறவை பார்ப்பவருக்கு அது ஒரு வரம். மர உச்சிகள் சேர்ந்த விதானத்தில் இடைவெளி கிடைக்கிறது, கழுத்தை வளைக்க இடம் கிடைக்கிறது.

இந்தக் காட்டில் பறவைகள் பரவலாக இருப்பதில்லை. ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒன்றும் இருக்காது. பிறகு திடீரென்று ஐந்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிடும். காரணம், பல வகைப் பறவைகள் ஒன்றாகச் சேர்ந்து இரைதேடும் கலப்புக் கூட்டம். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்திலிருந்தே இக்கூட்டங்களைப் பதிவு செய்து வருகிறார்கள். உலகில் மிக நீண்ட காலமாக நடக்கும் இத்தகைய ஆய்வுகளில் ஒன்று இது. ஒரு கூட்டத்தில் சராசரியாகப் பத்துக்கும் மேற்பட்ட வகைகள், நாற்பது பறவைகள் அளவில் இருக்கும். நடுநாயகம் இருவர்: செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவியும் கொண்டைக் கரிச்சானும். தவிட்டுக்குருவிகள் ஓயாமல் சலசலத்துக்கொண்டு பூச்சிகளைக் கிளப்பும். கரிச்சான் காவல் காக்கும், கிளம்பிய பூச்சியில் பங்கும் எடுக்கும். கரிச்சான் மற்ற பறவைகளின் குரலையும் பேசும். அதைக் கேட்டு மற்றவை கூட்டத்தில் வந்து சேர்கின்றன என்று இங்கேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே "அதோ மக்பை!" என்று கத்தும் முன் கரிச்சான் அருகில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அணில்கள்கூட இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து போவதுண்டு.

கூட்டம் வந்தால் என்ன செய்வது? முதலில் நில்லுங்கள். ஓடிப் போய்ப் படம் எடுக்க முயல்பவர்தான் குழுவின் மற்ற ஆட்களுக்கும் கூட்டத்தைக் கெடுப்பவர். கண்ணை மாடி மாடியாக ஓட்டுங்கள். தரையிலும் புதரிலும் சாம்பல் தலைச் சிரிப்பான் இலைகளைப் புரட்டிக்கொண்டிருக்கும். நடுத்தட்டில் வாள் அலகுச் சிலம்பன், தீக்காக்கை, கரிச்சான். அதற்கு மேலே செம்முதுகு மரங்கொத்தி, நீல மக்பை. உச்சியில் செம்முகப் பூங்குயில், வெண்முக மைனா. முதலில் உச்சியைப் பாருங்கள், தரையைக் கடைசியில். தவிட்டுக்குருவியும் சிரிப்பானும் திரும்பத் திரும்ப வரும். பூங்குயில் சத்தமே இல்லாமல் கிளைக்குக் கிளை தாவி ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். நீண்ட வால், கருப்பு உடல், வெள்ளை வயிறு, முகம் மட்டும் இரத்தச் சிவப்பு. வெண்முக மைனா இன்னும் கடினம். பழம் நிறைந்த மரம் எது என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டு, அதன் கீழ் நிற்பதே வழி.

கூட்டம் கடந்த பிறகும் உடனே நகராதீர்கள். பின்தங்கியவை சில வரும்.

நீல மக்பையைக் காட்டுக்குள் தேடி அலைய வேண்டாம். நீல உடல், செம்பழுப்புத் தலை, பவழச் சிவப்பு அலகும் காலும். இவ்வளவு அலங்காரத்தோடு விடுதி முற்றத்துக்கே வரும். இரவு விளக்கைச் சுற்றிய விட்டில்களைப் பொறுக்க விடிகாலையில் வருவதால், தேநீர்க் கோப்பையோடு வராந்தாவில் உட்கார்ந்தால் போதும். சுண்டங்கோழி அதற்கு நேர்மாறு. கூவலைத் தினமும் கேட்பீர்கள், ஆளைப் பார்ப்பது அதிர்ஷ்டம். குடாவ பக்கத்தில் சில வீட்டுக்காரர்கள் தோட்டத்து மூலையில் மறைவிடம் வைத்திருக்கிறார்கள், காலையில் சுண்டங்கோழி அங்கே இரைக்கு வரும். இப்படிப் பார்ப்பது சரிதானா என்று சிலருக்குச் சங்கடம். எனக்கு இல்லை. காட்டை ஒட்டிய ஒரு குடும்பத்துக்கு உயிருள்ள பறவையால் வருமானம் வருகிறது, பறவையைப் புதருக்குள் துரத்த வேண்டியதும் இல்லை. உரிய தொகையைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருங்கள்.

செதில் பூங்குருவியும் புள்ளிச் சிறகுப் பூங்குருவியும் வேண்டுமென்றால் வாசல் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். பாதையோரத்தில் வெளிச்சம் முழுதாக வருவதற்குள் நடமாடிவிட்டு உள்ளே போய்விடும். பச்சை அலகுச் செண்பகமும் காலைக் குரல்காரர்தான். அடர்ந்த நாணலும் மூங்கிலும் உள்ள சரிவில் தாழ்ந்த முழக்கமாகக் கேட்கும். நம் ஊர்ச் செண்பகத்தோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க அலகைப் பாருங்கள், வெளிர்ப்பச்சை தந்தம் போல இருக்கும்.

ஆந்தை

1995-இல் கித்துல்கல காட்டில் தீபால் வரகாகொட ஒரு புதுக் குரலைக் கேட்டார். குட்டையான, மெல்லிய, ஒற்றைக் கூவல். பறவையைப் பார்க்க 2001 ஆனது. 2004-இல் அது செரண்டிப் சிற்றாந்தை என்று முறைப்படி விவரிக்கப்பட்டது. அதற்கு முன் இலங்கையில் உயிரியலுக்கே புதிதாக ஒரு பறவை கிடைத்தது 19-ஆம் நூற்றாண்டில்தான். அவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்த பறவையை உங்களுக்கு ஒரு மாலையில் காட்டிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். வழி இரண்டு. ஒன்று, பொழுது சாய்ந்த பின் காட்டோரத்தில் குரலுக்காக நிற்பது. மற்றது, உள்ளூர் வழிகாட்டி பகலில் அது தூங்கும் புதரைக் கண்டுபிடித்து வந்து அழைத்துப் போவது. இரண்டாவது வழியில் வழுக்கும் சரிவில் தவழ வேண்டி வரலாம். முழங்கால் வலி உள்ளவர் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போனால் இரண்டு பேர் இரண்டு பேராக, சில நிமிடம், பளிச்சொளி இல்லாமல். தேடியவருக்குத் தனியாக அன்பளிப்பு கொடுங்கள். அவர் உங்களுக்காக விடியலில் இருந்து காட்டைச் சல்லடை போட்டிருப்பார்.

உலர்வலயம்

இங்கே ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். பூந்தல 1990-இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலம் ஆனது. உள்ளான்கள், ஆலாக்கள், மஞ்சள் மூக்கு நாரைகள். உடவலவையில் யானைகளுக்கு நடுவே பறவை பார்ப்பது ஒரு தனி சுகம். ஈரவலயத்தில் தவறிய காட்டுக்கோழியை இங்கே சாலையோரத்திலேயே பார்த்துவிடுவீர்கள். சேவலின் சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு, அதுதான் அடையாளம். இலங்கைக் காட்டுக்கீச்சான், இலங்கைத் தகைவிலான், பச்சைப்புறா ஆகியவற்றையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். ஜீப் ஓட்டுநரிடம் கிளம்பும் முன்பே "சிறுத்தை வேண்டாம், பறவை வேண்டும், மெதுவாகப் போகவும்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் யாரோ சிறுத்தை பார்த்தார்கள் என்று போன் வந்ததும் புழுதி பறக்கப் போய்விடுவார்.

மலை

போகும் வழியில் வெலிமடைக்கு அருகே சர்ரே பறவைகள் சரணாலயம். பழைய தேயிலைத் தோட்டத்து மரச்சோலை. இலங்கை மரப்புறாவுக்கும் பழுப்புக் காட்டாந்தைக்கும் நல்ல இடம்.

நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில் அழகான பூத்திட்டுகளை விட்டுவிட்டு ஓரத்தில் ஓடும் சேற்று ஓடைக்குப் போங்கள். மாலை நாலரைக்கு மேல் அங்கே நின்றால் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும் ஆறுமணிக்குருவியும் இலைச்சருகில் இறங்கும்.

மறுநாள் விடியலுக்கு முன் ஹோர்ட்டன் சமவெளி. 2,100 மீட்டருக்கு மேல். வாசல் திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு பறவைக்காக: சீழ்க்கைப் பூங்குருவி. மலை ஓடையோரத்து அடர்ந்த காட்டில் வாழும், மங்கிய நீலக் கருப்பில், தோளில் மட்டும் மின்னும் ஒரு நீலத்திட்டு. விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும். ஆரெங்கா குளம் இதற்குப் பெயர் பெற்ற இடம். குளத்தின் பெயரே இந்தப் பறவையின் பழைய அறிவியல் பெயரிலிருந்து வந்தது. ஊசி போல் கூர்மையான ஒரு சீழ்க்கை கேட்டால் அசையாமல் இருங்கள். உலகமுடிவு மலைவிளிம்புக்குப் போகும் கூட்டம் வந்து சேர்வதற்குள் வேலை முடிந்துவிட வேண்டும். அப்புறம் நிதானமாக மஞ்சள் காதுக் கொண்டைக்குருவி, மங்கிய நீல ஈப்பிடிப்பான், இலங்கை வெள்ளைக்கண்ணி. இவை மூன்றும் ஒளிபவை அல்ல. புதர்க் கதிர்க்குருவிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வாசலில் பாலிதீன் இருக்கிறதா என்று பையைச் சோதிப்பார்கள். காலை உணவைத் துணியிலோ டப்பாவிலோ கட்டிக்கொண்டு போங்கள்.

காட்டுக்குள் சில கறார்கள்

ஒலிப்பதிவை வழிகாட்டி மட்டும் பயன்படுத்தட்டும். ஆளாளுக்குக் கைபேசியை எடுத்து ஒலிக்க விட்டால் பறவை குழம்பும், பக்கத்தில் நிற்கும் வேறு குழுவுக்கும் எது நிஜக் குரல் என்று தெரியாது. பதில் சொல்லிவிட்ட பறவைக்கு மறுபடி போடக்கூடாது. கூட்டில் உட்கார்ந்திருக்கும் பறவையைப் பார்த்தால் ஒரு பார்வை, அவ்வளவுதான், நகர்ந்துவிடுங்கள். வழிகாட்டியின் லேசர் விளக்கு கிளையைக் காட்டலாம், பறவைமேல் படக்கூடாது. பட்டால் சொல்லத் தயங்காதீர்கள்.

ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்கு முன் வழிகாட்டியோடு உட்கார்ந்து அன்றைய பட்டியலைச் சரிபாருங்கள். கேட்டது தனி, பார்த்தது தனி. எது இன்னும் பாக்கி என்று பார்த்து மறுநாள் காலையைத் திட்டமிடுவதும் அப்போதுதான். பட்டியலை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் இடத்தின் பெயரோடு ஏற்றுங்கள். சிற்றாந்தை அடையும் புதர், தவளைவாயன் உட்காரும் கிளை, கூடு ஆகியவற்றின் சரியான புள்ளியை மட்டும் எழுதாதீர்கள், ஜிபிஎஸ் ஒட்டிய படத்தையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். அடுத்த வாரம் அந்த உள்ளூர் வழிகாட்டி வேறொரு குழுவை அழைத்துக்கொண்டு அங்கே போகும்போது பறவை அதே கிளையில் இருக்க வேண்டும்.